புடவைக்கு ஒரு நாள், மோதிரத்துக்கு அரை மணி நேரமா? நிச்சயதார்த்த மோதிரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிச்சயதார்த்தத்துக்கு ஜவுளி எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குள் நுழைந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். பெண்ணுக்குப் பட்டு, சம்பந்தியம்மாவுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்து, விலை பேசி, பை கட்டி வெளியே வரும்போது மணி ஆறரை. அப்போதுதான் யாராவது, "மோதிரத்தையும் இன்னைக்கே முடிச்சிடலாமே, இன்னொரு தடவை யாரு வர்றது?" என்பார்கள். கால் வலி, பசி, கையில் நாலு பை. அந்த நிலையில் நகைக்கடைக்குள் போய் அரை மணி நேரத்தில் வாங்கிவிடுகிறார்கள். பட்டுப் புடவை அதன்பின் வருடத்துக்கு இரண்டு முறை பீரோவை விட்டு வெளியே வரும். மோதிரம் தினமும் விரலில் கிடக்கும். நான் சொல்லப் போகும் தவறுகளில் முக்கால்வாசி இந்தக் கடைசி அரை மணி நேரத்தில் நடப்பவை. மோதிரத்துக்குத் தனியாக ஒரு நாள், அதுவும் பகல் நேரம் ஒதுக்கினாலே பலதும் தானாகச் சரியாகிவிடும்.

அளவில் நடக்கும் கூத்து

நம் பக்கம் பெண்ணுக்கான மோதிரத்தை மாப்பிள்ளை வீட்டிலும் மாப்பிள்ளைக்கானதைப் பெண் வீட்டிலும் வாங்குகிறார்கள். அதாவது விரல் திருவொற்றியூரில், வாங்குகிறவர்கள் பெரம்பூரில். கடையில் நிற்கும் நாத்தனார், "அண்ணி விரல் என் விரல் மாதிரிதான் இருக்கும்" என்று தன் கையை நீட்டுவார். கூடாது. நூலைச் சுற்றி அளந்து அனுப்புவதும் சரிவராது. இழுத்துப் பிடித்தால் நூல் நீளும், தளர்த்தினால் சுருங்கும்.

எந்தக் கை, எந்த விரல் என்பதை முதலில் இரண்டு வீட்டாரும் பேசி முடிவு செய்யுங்கள். வலது கையும் இடது கையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. பிறகு மணமக்கள் இருவரும் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு நகைக்கடையில் அளவு பார்க்க வைத்திருக்கும் வளையக் கொத்தைப் போட்டுப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொள்ளட்டும். இங்கே புழங்கும் நம்பரோடு 40-ஐக் கூட்டினால் மோதிரத்தின் உட்புறச் சுற்றளவு ஏறத்தாழ மில்லிமீட்டரில் வந்துவிடும். 14 என்றால் 54 மில்லிமீட்டர். வெவ்வேறு கடைகளின் கொத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் இந்தக் கணக்கை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அளவெடுக்கும் நேரமும் முக்கியம். வெயிலில் அலைந்த கை சாயங்காலத்தில் லேசாக வீங்கியிருக்கும். சித்திரை, வைகாசியில் கேட்கவே வேண்டாம். வீங்கிய விரலுக்கு வாங்கினால் மார்கழியில் கழன்று விழும். ஏசியில் குளிர்ந்துபோன விரலுக்கு வாங்கினால் மண்டபத்தின் புழுக்கத்தில் ஏறாது. மூட்டு பெரிதாக உள்ளவர்களுக்கு, மூட்டைத் தாண்டும்போது கொஞ்சம் பிடித்து, தாண்டிய பின் இயல்பாக நிற்கும் அளவுதான் சரி. பட்டையான மோதிரமாக இருந்தால் வழக்கமான நம்பரைவிட ஒரு நம்பர் கூட்டித்தான் பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும்.

"கொஞ்சம் டைட்டாதான் இருக்கும்க்கா, போகப் போக சரியாயிடும்" என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். தங்கம் செருப்பு மாதிரி காலப்போக்கில் தளராது. பிறகு பத்தரிடம் கொடுத்துப் பெரிதாக்கலாம் என்றால், வெறும் வளையத்தில் அது சுலபம். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தில் அநேகமாக முடியாது, முடிந்தாலும் கல் ஆடும். ஆகவே அளவில் சந்தேகம் உள்ளவர்கள் சுற்றிலும் கல் வைத்த டிசைனைத் தொட வேண்டாம். மேடையில் மோதிரம் மூட்டில் சிக்கிக்கொண்டிருக்க, போட்டோகிராபர் "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லும் காட்சியை எல்லாரும் பார்த்திருப்போம்.

பில்லைப் படிக்காமல் பணம் கட்டுவது

கடை வாசலில் இருக்கும் ஒரு கிராம் விலையை எல்லாரும் பார்க்கிறோம். ஆனால் சென்னைக் கடைகளில் ஒரே நாளில் அந்த விலை பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க சேதாரத்திலும் செய்கூலியிலும் இருக்கிறது. அதைக் கேட்காமல், "மொத்தம் எவ்வளவு, கொஞ்சம் குறைச்சிக்கோங்க" என்று கடைசித் தொகையில் பேரம் பேசுவது பெரிய தவறு.

கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 4 கிராம் மோதிரத்தின் தங்கம் 40,000. சேதாரம் 14 சதவீதம் என்றால் 5,600. இரண்டும் சேர்ந்த 45,600-க்கு 3 சதவீத ஜிஎஸ்டி 1,368. ஆக 46,968. இதே மோதிரத்துக்குப் பக்கத்துக் கடையில் சேதாரம் 9 சதவீதம் என்றால் மொத்தம் 44,908 தான். ஒரே எடை, ஒரே தரம், 2,060 ரூபாய் வித்தியாசம். கடைக்காரர் "உங்களுக்காக 500 ரூபாய் குறைச்சிருக்கேன்" என்றவுடன் மனம் குளிர்ந்து எழுந்து வருபவர்கள் இந்த 2,060-ஐப் பார்ப்பதே இல்லை. சேதாரம் எத்தனை சதவீதம், செய்கூலி தனியாக உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் தட்டில் மோதிரம் வந்த உடனே கேட்டுவிடுங்கள். பிடித்துப்போய் விரலில் போட்ட பிறகு பேரம் பேசும் தெம்பு யாருக்கும் இருக்காது.

கல் வைத்த மோதிரத்தில் இன்னொரு கணக்கு உண்டு: மொத்த எடை வேறு, கல் போக உள்ள தங்கத்தின் எடை வேறு. தங்க விலை இரண்டாவது எடைக்குத்தான் போட வேண்டும். அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் சிர்கோனியா கற்கள் அதே பருமனுள்ள வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானவை. நாலைந்து பெரிய கல் இருந்தால் 0.4 கிராம் வரைக்கும் வந்துவிடலாம். அதையும் தங்கமாக எடை போட்டால், மேலே சொன்ன விலையில் 4,000 ரூபாய், அதன் மேல் சேதாரம் வேறு. அந்தக் கற்களோ சில நூறு ரூபாய்கூடப் பெறாது.

நாளைக்கே அவசரத்துக்கு அதை அடகு வைக்கப் போனால், வங்கியானாலும் தெருமுனை அடகுக்கடையானாலும் தங்கத்தின் எடையை மட்டுமே பார்ப்பார்கள். கல்லுக்கும் சேதாரத்துக்கும் ஒரு பைசா கிடையாது. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு நகை எத்தனை வீட்டிலிருந்து வெளியே போகிறது என்பது நம் தெருக்களில் இருப்பவர்களுக்குத் தெரியும். நிச்சய மோதிரத்தைப் பற்றிப் பேசும்போது அடகைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று பெரியவர்கள் முறைப்பார்கள். பரவாயில்லை, கணக்கு கணக்குதான்.

"பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு பிறகு எங்கேயும் நியாயம் கேட்க முடியாது. எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக எழுதிய பில்தான் பில். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும்தான். நூற்றுக்கணக்கில் போட்டிருந்தால் கேளுங்கள்.

உள்பக்கம் பார்க்காமல் வாங்குவது

மோதிரத்தின் உள்பக்கத்தில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, தரம், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி குறியீடு. 22 கேரட்டுக்கு 22கே916, 18 கேரட்டுக்கு 18கே750 என்று தரம் பொறித்திருக்கும். ஹெச்யூஐடி இல்லாத ஹால்மார்க் நகையை 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கக் கூடாது. குறி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது. பூதக்கண்ணாடி கேளுங்கள், கடையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த ஆறு எழுத்தையும் அடித்துப் பாருங்கள். எந்தத் தரம், எங்கே சோதித்தார்கள் என்பதோடு அது என்ன நகை என்பதும் வரும். கையில் இருப்பது மோதிரம், செயலி காட்டுவது செயின் என்றால் வேறொரு நகையின் எண்ணை இதில் பொறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எழுந்து வந்துவிடலாம். இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது.

2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. பெண்ணுக்கு மெல்லிசாக ஒரு மோதிரம் எடுக்கிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். 1.8 கிராமில் பார்ப்பதை 2 கிராமுக்கு மேல் கொண்டுபோனால் முத்திரையோடு கிடைக்கும். 'கேடிஎம்' என்று சொல்லி விற்பதைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது காட்மியம் கலந்து பற்றவைக்கும் பழைய முறையின் பெயர், அவ்வளவுதான்.

முத்திரை இருந்தும் தரம் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்க விதியில் இடம் இருக்கிறது. அதற்கும் பில் வேண்டும்.

வைரம் என்றால்

முதலில் கடை வெளிச்சத்தை நம்பக் கூடாது. அந்த விளக்குக்கு அடியில் கண்ணாடித் துண்டும் மின்னும். வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சாயங்காலம் போகாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைரத்தில் ஒரு கேரட் என்பது 0.2 கிராம், அதாவது 100 சென்ட். '50 சென்ட் மோதிரம்' என்று சொன்னால் ஒரே கல் 50 சென்ட்டா, பதினைந்து இருபது பொடிக் கற்கள் சேர்ந்து 50 சென்ட்டா என்று கேளுங்கள். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இது. ஒற்றைக் கல்லாக இருந்தால் ஜிஐஏ அல்லது ஐஜிஐ போன்ற ஆய்வகத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். சான்றிதழின் எண்ணைப் பல கற்களின் விளிம்பிலேயே லேசரில் பொறித்திருப்பார்கள். கடையில் லென்ஸ் வைத்து இரண்டையும் ஒப்பிடச் சொல்லலாம்.

தெளிவுக்கும் நிறத்துக்கும் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தைக் கேட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. விவிஎஸ், விஎஸ் என்ற தெளிவுத் தரங்களின் வித்தியாசம் லென்ஸ் இல்லாமல் தெரியாது. மஞ்சள் தங்கத்தில் பதிக்கும்போது கல்லில் இருக்கும் லேசான மஞ்சளும் தெரியாது. வைரம் மின்னுவது அதை வெட்டிய விதத்தால்தான், காசு அங்கே போகட்டும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரங்களும் இப்போது கடைகளில் நிறைய வந்திருக்கின்றன. அதுவும் வைரம்தான், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. சிர்கோனியாவைக் கண்டுபிடிக்கும் சாதாரணக் கருவியும் இதை வைரம் என்றே காட்டும். விலை இயற்கை வைரத்தில் ஒரு சிறு பங்கு, திரும்ப விற்கப் போனால் பெரிதாக எதுவும் தேறாது. தெரிந்து வாங்கினால் தப்பே இல்லை. தெரியாமல் இயற்கை வைரத்தின் விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம். சான்றிதழிலும் பில்லிலும் எது என்று எழுதி வாங்குங்கள்.

சில வீடுகளில் வைரத்தைக் கொண்டுவந்து சில நாள் வைத்துப் பார்த்த பின்புதான் ராசி பார்த்து முடிவு செய்வார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இருந்தால் நிச்சயத்துக்கு முதல் நாள் அவரிடம் காட்டாதீர்கள், முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

விரல் என்ன வேலை செய்யும்?

மாப்பிள்ளைக்கு மணலி, எண்ணூர் பக்கம் ஆலையிலோ துறைமுகத்திலோ வேலை என்றால், இயந்திரத்துக்குப் பக்கத்தில் மோதிரமே போட விடமாட்டார்கள். மாட்டி இழுத்தால் விரலே போய்விடும். அவருக்கு உருட்டையான, கல் இல்லாத, சட்டெனக் கழற்றக்கூடிய வளையம் போதும். பெண்ணுக்குத் தூக்கலாகக் கல் வைத்தது என்றால் புடவை நூலை இழுக்கும், தலைமுடியில் மாட்டும், மாவு பிசைந்தால் அடியில் அப்பிக்கொள்ளும். தாழ்வாகப் பதித்த கல்லைப் பாருங்கள்.

முஸ்லிம் வீடுகளில் ஆண்கள் தங்கம் அணிவதில்லை. மாப்பிள்ளைக்கு வெள்ளியோ பிளாட்டினமோதான் எடுப்பார்கள். பிளாட்டினம் வாங்குகிறவர்கள், அந்தக் கடை அதைத் திரும்ப எடுக்குமா, எவ்வளவு கழிப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தங்கம் மாதிரி எல்லாக் கடையிலும் அதை மாற்ற முடியாது. வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் பூச்சு இருக்கும். அது தேய்ந்தால் மஞ்சளாகத் தெரியும், மறுபடி பூச வேண்டும். ராயபுரம் பக்கம் மாதா கோயிலில் மந்திரித்துப் போடும் மோதிரத்தில் பெயரும் தேதியும் பொறிப்பவர்கள், அளவு சரியா என்று போட்டுப் பார்த்த பிறகு பொறிக்கக் கொடுங்கள். பொறித்ததை மாற்றித் தரமாட்டார்கள்.

சீட்டு, பழைய நகை, ஆர்டர்

பதினோரு மாத நகைச் சீட்டு கட்டியிருந்தால், சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை, வைரத்துக்கும் பிளாட்டினத்துக்கும் அது பொருந்துமா என்று அட்டையில் படியுங்கள். பல சீட்டுகளில் பொருந்தாது. பழைய நகையைப் போட்டு எடுக்கிறவர்கள், தங்கத்தின் தரத்தை மெஷினில் கண்முன்னே பார்க்கச் சொல்லி, உருக்குவதற்கு முன்னும் பின்னும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சௌகார்பேட்டைக்குப் போவதென்றால் ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் நடந்தால் பெரிய கடைகளும், மின்ட் தெரு சந்துகளில் சின்னக் கடைகளும் பட்டறைகளும் இருக்கின்றன. ஆர்டர் கொடுத்துச் செய்தால் டிசைன் நம் இஷ்டம். ஆனால் ஹால்மார்க் போட்டு வர வேண்டும், ஒரு முறை போட்டுப் பார்த்துத் திருத்த வேண்டும். இதற்கெல்லாம் முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் போதாது, குறைந்தது ஒரு மாதம் முன்னால் கொடுங்கள். முன்பணம் கொடுக்கும்போது அன்றைய விலைக்கே முடிக்கிறார்களா, டெலிவரி நாள் விலைக்கா என்பதை ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது தங்கம் விலை ஏறிய மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.