நின்றுபோன குடும்ப பிக்கப்பை எழுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வருடக்கணக்கில் தெருவோரம் நின்ற பிக்கப்பை எழுப்பலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, "வேற பேட்டரி வெச்சு ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்ப்போம்" என்பதுதான். இன்ஜின் சத்தம் கேட்டால்தான் செலவு செய்யலாமா வேண்டாமா என்று தெரியும் என்ற நினைப்பு. அந்த ஒரு செல்ஃபில் துருவேறி ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங் உடையும், டேங்க் அடியில் தேங்கிய தண்ணீர் டீசல் பம்புக்குள் ஏறும், வறண்டுபோன பேரிங் தேயும். நின்ற காலத்தில் கெட்டதைவிட எழுப்புகிற நாளில் கெடுப்பது அதிகம்.

வட சென்னையில் இன்னொரு விஷயமும் சேருகிறது. காசிமேடு தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலை ஒட்டி நிற்கும் வண்டிகளின் ஆயுளை முடிவு செய்வது சேசிஸ்தான், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம். இன்ஜினை எப்படியும் கட்டிவிடலாம். சேசிஸ் உளுத்துவிட்டால் புது இன்ஜினே போட்டாலும் அந்த வண்டி ரோட்டுக்கு ஆபத்து. கீழே சொல்வதெல்லாம் டாடா 207, மகிந்திரா பிக்கப், டாடா ஏஸ் போன்ற பழைய டீசல் வண்டிகளை மனதில் வைத்துச் சொல்வது.

சேசிஸைத் தட்டிப் பார்க்காமல் இன்ஜினில் கை வைப்பது

ஒரு சின்ன சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் போதும். முன் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, இரண்டு பக்கச் சட்டத்தையும் அரை அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே பின்னால் போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கும், துரு செதில் செதிலாக உதிரும். அங்கே ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். மேல்துரு மட்டும் என்றால் கீறல் விழும், உள்ளே போகாது.

விட்டுவிடக் கூடாத இடங்கள் மூன்று: பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட் சட்டத்தோடு சேரும் இடம், கேபினுக்குப் பின்னால் சேறு அடைந்து கிடக்கும் பகுதி, பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடி. மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் தொட்டியின் இடுக்கு வழியாக ஐஸ் தண்ணீர் சட்டத்தின் மேல் விளிம்பில் சொட்டிச் சொட்டி, இரண்டு தகடு சேரும் இடத்துக்குள் இறங்கியிருக்கும். துரு பருமனில் பெருகும். அதனால் நடுவில் இருக்கும் துருவே தகடுகளை விலக்கி, ரிவெட் தலையைத் தெறிக்க வைக்கும். ரிவெட்டைச் சுற்றிப் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் அது உள்ளே ஆடுகிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் பிராக்கெட் அருகே சட்டத்தின் மேல் அல்லது கீழ் விளிம்பில் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போனால், மனசு கேட்காவிட்டாலும் அந்த வண்டியை விட்டுவிடுவதுதான் சரி. அப்போது ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) ரத்து செய்யாமல் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பதிவு பெற்ற ஸ்க்ராப் மையத்தில் கொடுத்து அத்தாட்சி வாங்குங்கள். இல்லையென்றால் வரிப் பாக்கி உங்கள் வீட்டுப் பேரிலேயே ஓடும்.

சேசிஸ் தேறியது என்றால், அடுத்த தவறு துருவின் மேலேயே தார் பெயின்ட் அடிப்பது. பார்க்கக் கறுப்பாகப் புதுசு போல இருக்கும். உள்ளே மாட்டிய உப்பும் ஈரமும் வெளியே வர வழியில்லாமல் தகட்டைத் தின்னும். முதலில் உப்பைக் கழுவ வேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில். எண்ணூர், மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல வருடம் ஆகிறது. உப்பு போர் தண்ணீரில் வாட்டர் சர்வீஸ் செய்தால் போன உப்பு திரும்பி வந்து உட்காரும். நன்றாகக் காய்ந்த பிறகு வயர் பிரஷ் மாட்டிய கிரைண்டரால் செதிலைச் சுரண்டி, ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, எபாக்சி பிரைமர் இரண்டு கோட், அதற்கு மேல் பெயின்ட். அடைமழை மாதங்களில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஈரக் காற்றில் பிரைமர் சரியாகப் பிடிக்காது.

கிரைண்டர் பிடிக்கும் முன் சேசிஸ் நம்பர் எங்கே குத்தியிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கையாலேயே துடைத்து, கிரீஸ் தடவி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது அந்த எண் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். எண் மங்கியோ, தேய்த்த தடத்தோடோ இருந்தால் மொத்த உழைப்பும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வெல்டிங் என்றால் பேட்டரி வயர் இரண்டையும் கழற்றிய பிறகுதான். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புக்குக் குறுக்கே நேர்க்கோடாக வெல்டு ஓட்டக் கூடாது. பாரம் ஏறியதும் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். டீசல் டேங்க் ஒழுகினால், காலி டேங்க்தானே என்று வெல்டு வைக்கக் கொடுக்காதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடித்துவிடும்.

பேப்பரைக் கடைசிக்குத் தள்ளுவது

ஆர்.சி. அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ இருந்து அவர் காலமாகியிருந்தால், 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் சொல்லி, 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். தாமதமாகியிருந்தால் அபராதத்தோடு செய்யலாம். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேவைப்படும். கூடவே மற்ற வாரிசுகளின் சம்மதம். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லாத வீடு என்றால் பெரிய தடை இதுதான். கடன் அடைந்தும் வங்கியின் பெயர் ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருக்கும் வண்டிகளும் நிறைய உண்டு. 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு ஸ்பேர் வாங்கப் போங்கள்.

பிரேக் ஆயிலை ஊற்றி, மிதித்துப் பார்த்து நம்புவது

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். லோடோடு போகும்போது திரும்பத் திரும்பப் பிரேக் பிடித்தால் பெடல் பஞ்சாக உள்ளே போவதற்கு இது போதும். பழையதை முழுக்க எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள்.

பெரிய தவறு பெடலைத் தரை வரை மிதித்து ஏர் எடுப்பது, அதாவது பைப்புக்குள் நிற்கும் காற்றை வெளியேற்றுவது. மாஸ்டர் சிலிண்டரில் சீல் வழக்கமாக ஓடாத பகுதி நின்ற காலத்தில் துருவேறிச் சொரசொரப்பாகியிருக்கும். தரை வரை மிதித்தால் சீல் அதில் ஓடிக் கிழியும். அன்றைக்கு நன்றாகத்தான் பிடிக்கும், நாலு நாளில் பெடல் இறங்கும். பெடலுக்கு அடியில் இரண்டு அங்குல மரக்கட்டை வைத்துக்கொண்டு மிதியுங்கள். மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரம் முதலில்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஏர் எடுக்கும் நிப்பிள் இறுகியிருந்தால் முந்தின நாளே துரு இளக்கும் ஆயில் விட்டு, ரிங் ஸ்பானரால் மட்டும் திருப்புங்கள்.

வீல் சிலிண்டரைப் பிரித்தால் டீசலில் கழுவாதீர்கள். பட்டறைகளில் சர்வசாதாரணமாக நடக்கிறது. டீசல் பட்ட பிரேக் ரப்பர் ஊதிப்போய் சிலிண்டருக்குள்ளேயே இறுகும், காலை எடுத்தும் பிரேக் விடாது. பிரேக் ஆயிலாலேயே துடைக்க வேண்டும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். எல்லா ஹோஸையும் மாற்றுங்கள், அதன் விலை பெரிதில்லை. டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதவும் வேண்டாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடையுங்கள்.

ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தி லைனர் டிரம்மில் ஒட்டிக்கொண்டிருந்தால், இன்னொரு வண்டியில் கட்டி இழுக்காதீர்கள். லைனர் ஷூவிலிருந்து பிய்ந்து வரும். சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிலும் தட்டினால் விடும்.

எலிக்கூடு, பழைய டீசல், ஒட்டிய பிஸ்டன்

பானெட்டைத் திறந்ததும் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிப் பாருங்கள். எலி கூடு கட்டும் இடம் அது. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டே எடுங்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். வயர்களில் உறை கடிபட்ட இடங்களையும் அப்போதே தேடி வையுங்கள்.

டேங்கில் மிச்சமிருக்கும் டீசலோடு புது டீசலைக் கலப்பது சிக்கனம் ஆகாது. ஈரம் டேங்க் அடியில் தண்ணீராகத் தேங்கி, அதில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளி போலப் படிந்திருக்கும். அது ஃபில்டரை அடைக்கும், டீசலைப் பீய்ச்சும் நாசிலின் முனையை அரிக்கும். டேங்கை இறக்கி, புது டீசலால் அலசி, ஃபில்டர்களை மாற்றி, ஹேண்ட் பம்பால் அடித்து, ஃபில்டர் தலையிலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை ஏர் எடுங்கள்.

ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் கியர்பாக்ஸ், ஹவுசிங் (பின் அச்சு) ஆயிலையும் சேர்த்துப் பாருங்கள். அச்சு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நின்றாலே பிரீதர் (காற்று போகும் சின்னத் துளை) வழியாக உள்ளே இறங்கும். இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சேம்பரின் போல்ட்டை மெல்லத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் ஆயிலுக்கு முன்னால் அதுதான் வரும்.

இனி இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். நாசில்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 10 மி.லி. இன்ஜின் ஆயில் விடுங்கள். டாடா ஏஸ் மாதிரி சின்ன இன்ஜினுக்கு 5 மி.லி. போதும். "நல்லா ஊறட்டும்" என்று ஒரு டம்ளர் ஊற்றுவது ஆபத்து. பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சும் இடம், 3 லிட்டர் 4 சிலிண்டர் இன்ஜினிலேயே சிலிண்டருக்கு 50 மி.லி.க்கும் குறைவு. அதற்கு மேல் ஆயில் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். இரண்டு நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லையா? பைப் மாட்டி முழு பலத்தையும் காட்டாதீர்கள். திரும்ப ஆயில், இன்னும் இரண்டு நாள். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் புது பெல்ட் போடாமல் செல்ஃபைத் தொட வேண்டாம். நாசிலைத் திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர் புதுசாக இருக்கட்டும்.

பம்ப் லிவரைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்வது

இருப்பதிலேயே பயங்கரமான தவறு இது. பழைய மெக்கானிக்கல் பம்பில் வறண்ட டீசல் பிசினாகி, உள்ளே டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ராக்கை ஒட்ட வைத்துவிடும். முழு டீசல் போகும் நிலையில் ஒட்டியிருந்தால், ஸ்டார்ட் ஆன மறுநொடியே இன்ஜின் உச்ச வேகத்துக்கு ஏறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஸ்டாப் லிவரும் ஆக்ஸிலேட்டர் லிவரும் கையால் தள்ளிவிட்டால் தானாகத் திரும்ப வேண்டும். லிவர் திரும்புவதால் மட்டும் ராக் ஓடுகிறது என்று ஆகிவிடாது. நீண்ட நாள் நின்ற வண்டியென்றால் பம்பைக் கழற்றிப் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டின்போது ஏர் பைப்பைக் கழற்றி வைத்து, இன்ஜின் காற்றை இழுக்கும் வாயை முழுக்க மூடும் அளவுக்கு ஒரு பலகையுடன் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். காற்றை அடைத்தால் இன்ஜின் நிற்கும். உள்ளங்கையாலோ துணியாலோ மூடக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

பெட்ரோல் நனைத்த துணியை ஏர் பைப்பில் காட்டி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். பெட்ரோல் ஆவி நேரம் தவறி வெடித்து ரிங்கை உடைக்கும்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் உடனே புது பேட்டரி வாங்கிவிடுகிறார்கள். வட சென்னைக் கடலோரத்தில் பாதி நேரம் குற்றவாளி, இன்ஜினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை. உப்பில் பச்சை பூத்து உள்ளே இற்றுப்போயிருக்கும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட் வரை சரி. 0.5-க்கு மேல் காட்டினால் எர்த்தை மாற்றுங்கள்.

புது ஆயிலும் ஃபில்டரும் போட்ட பிறகு, ஸ்டாப் லிவரைப் பிடித்துக்கொண்டே ஆயில் பிரஷர் லைட் அணையும் வரை செல்ஃப் அடியுங்கள். ஒரு முறைக்கு 10 நொடி, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு. அதன் பிறகு ஸ்டாப்பை விடலாம். ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் கூடாது, டிஸ்டில்ட் வாட்டரில் கலந்த கூலன்ட்தான். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டி கியர் விழாவிட்டால், பெடலை அமுக்கிக் கட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

டயரில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3217 என்றால் 2017-இன் 32-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியதில் சரக்கு ஏற்றுவது கூடாது.

முதல் ஓட்டம் லோடு இல்லாமல், பகலில், 10 கிலோமீட்டருக்குள். நிறுத்தியதும் நாலு சக்கரத்தின் நடு ஹப் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடத் தகதகவென்று கொதித்தால் அந்தப் பிரேக் விடவில்லை, அல்லது பேரிங் இறுக்கம். சரிசெய்யாமல் கிளம்பக் கூடாது. 50 கிலோமீட்டரில் வீல் நட்டுகளையும் ஸ்பிரிங்கின் யூ போல்ட்டுகளையும் திரும்ப முடுக்குங்கள். 500 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலையும் டீசல் ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றிவிட்டு, அதன் பிறகு அரை லோடில் தொடங்குங்கள்.