நடந்தும் சைக்கிளிலும் வருகிற ஆளைக் கடைக்காரர் எப்படி விரட்டுகிறார்?

ஆனித் தேரோட்டத்தன்று திருநெல்வேலி டவுன் ரத வீதிகளுக்கு வருகிற கூட்டம் முழுக்க நடந்துதான் வருகிறது, கடைகளில் வியாபாரமும் நடக்கத்தான் செய்கிறது. மற்ற நாளெல்லாம் "கார் நிப்பாட்ட இடமில்லையே அண்ணாச்சி, எப்படி யாவாரம் ஓடும்?" என்று புலம்பல். ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்குமே, அந்தக் கணக்கை ஏன் யாரும் போடுவதில்லை?

கடை வாசலை மறித்துக் கயிறு கட்டுவதும், காலி டின்னையும் போர்டையும் வைத்து 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்பதும்தான் பெரிய தப்பு. பாதி நேரம் அந்த இடம் ரோட்டுக்குச் சொந்தமானது, அது வேறு கதை. சைக்கிள்காரர் எதிர்க்கடை ஓரம் நிறுத்துவார், அப்புறம் சாமானையும் அங்கேயே வாங்கிவிட்டுப் போவார்.

சரி, ஸ்டாண்ட் வைக்கிறேன் என்று சிலர் முன்சக்கரத்தை மட்டும் செருகுகிற கம்பியை வாங்கிப் போடுகிறார்கள். பக்கத்துச் சைக்கிளை இழுக்கும்போது இடித்தால் ரிம் கோணிக்கொள்ளும். அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு 2005 முதல் சைக்கிள் கிடைக்கிறது, அதன் முன்கூடை வேறு அந்தக் கம்பி வரிசையில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். இரும்புக் குழாயைக் கவிழ்த்த 'ப' மாதிரி வளைத்து, முக்கால் மீட்டர் உயரத்தில், மீட்டருக்கு ஒன்றாகத் தரையில் ஊன்றினால் போதும், ஒவ்வொன்றிலும் இருபக்கமும் இரண்டு சைக்கிள் சாயும், சங்கிலி போட்டு ஃபிரேமையும் பூட்டலாம். ஆடிக் காற்று அடிக்கிற நம் ஊரில் சாய ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சைக்கிள் விழும், அது இடித்து வரிசையே விழும். மேற்குப் பார்த்த கடை என்றால் ஒரு தகரக் கூரையும் போடுங்கள், நாலு மணி வெயிலில் காய்ந்த சீட்டில் யாரும் உட்கார முடியாது.

நடந்து வருகிறவருக்கு இடைஞ்சல் கடை முன்னால் ஓடுகிற வாறுகாலில், அதாவது சாக்கடையில், ஆரம்பிக்கிறது. மேலே போட்ட பலகைக்கல் ஆடும், இல்லாவிட்டால் நடுவில் கால் போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். தாண்டினால் முழங்கால் உயரப் படி, அதில் பளபளவென்று டைல்ஸ். ஐப்பசி மழையில் ஒரு பெரியம்மா அதில் எப்படி ஏறுவார்? சொரசொரப்பான கல், பாதி உயரத்தில் இன்னொரு படி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, இவ்வளவுதான் வேலை.

காரில் உட்கார்ந்தபடியே குரல் கொடுக்கிறவருக்கு முதலில் பொட்டலம் கட்டிவிட்டு, பையோடு வரிசையில் நிற்கிறவரைக் காக்க வைக்காதீர்கள். சாமான் கட்டுவதிலும் கவனம் வேண்டும். 2019-இல் பிளாஸ்டிக் பை தடையான பிறகு தருகிற காகிதப் பை எண்ணெய் பாக்கெட்டும் பருப்புமாகத் தெருமுனை வரைக்கும்கூடத் தாங்காது. சணல் கயிறு ஒரு உருண்டை கல்லாப்பெட்டி பக்கத்தில் கிடக்கட்டும், கேரியரில் வைத்துக் கட்டிக்கொள்ள நீங்களே ரெண்டு முழம் அறுத்துக் கொடுங்கள்.