கல்பாத்திக்குத் தேர் இல்லாத நாளில் வாருங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தபந்தங்கள் பாலக்காடு என்றதும் கேட்கிற முதல் கேள்வி, "தேர் எப்போ?" பாலக்காட்டில் ஆற்றங்கரை அக்கிரகாரம் கல்பாத்தி; நவம்பர் நடுவில், ஐப்பசி முடிகிற நேரத்தில் அங்கே தேர் வரும். மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் எல்லாக் கோயில் தேர்களும் சந்திக்கும். பின்னாலிருந்து யானை முட்டித் தள்ள, முன்னால் ஜனம் வடம் பிடிக்கும். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் ஒரு வருஷம் டொரண்டோவிலிருந்து வந்த அத்தை மகன் குடும்பத்தை அதற்கென்றே அழைத்துப்போனேன். இரண்டு மணி நேரம் நின்று அவர்கள் பார்த்தது முன்னால் நின்றவர்களின் பின்மண்டையை. சின்னவளுக்கு மூச்சு முட்டியது, திரும்புகிற ரயிலும் போய்விட்டது. ஆற்றை யாரும் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வது இதுதான். ஏதாவது ஒரு சாதாரண நாளில், காலை ஆறரைக்கு வாருங்கள். ஆற்றையும் தெருவையும் சேர்த்து ஒரு சுற்று. நின்று நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். ஏற்றமே கிடையாது, வயசானவர்களும் வரலாம். முழங்கால் வலிக்காரர்கள் கோயில் படியையும் ஆற்றுப்படியையும் மட்டும் விட்டுவிட்டால் போதும்.

கோவையிலிருந்து வருகிறவர்கள் ரயிலில் வருவது நல்லது. ஐம்பது கிலோமீட்டர்தான். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் வாளையாறு தாண்டும்போது மலை கூடவே வரும். அந்தக் காட்டுப் பகுதியில் யானை தண்டவாளம் கடக்கும் என்பதால் வண்டி மெதுவாகப் போகும், பதற வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊரில் இரண்டு ஸ்டேஷன். ஒலவக்கோட்டில் இருப்பது பாலக்காடு ஜங்ஷன், பொள்ளாச்சி வழியில் இருப்பது பாலக்காடு டவுன். கோவை வண்டிகளுக்கு ஜங்ஷன். அங்கிருந்து ஆட்டோவில், "கல்பாத்தி விஸ்வநாத சுவாமி கோயில்" என்றால் போதும். பஸ் பலகையெல்லாம் மலையாளத்தில் இருக்கும். ஆனால் தமிழில் கேட்டால் பதில் வராத ஊர் இல்லை இது.

நடையைக் கோயிலிலிருந்து தொடங்குங்கள். மற்ற ஊர்களில் கோயிலுக்குப் படியேறுவோம், இங்கே தெருவிலிருந்து படியிறங்க வேண்டும். பள்ளத்தில் இருப்பதால் உள்ளூரில் இதற்குக் குண்டம்பலம் என்று பேர். கோயில் எழுந்தது 1425 வாக்கில், பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சன் காலத்தில் என்பார்கள். லட்சுமி அம்மாள் என்ற கைம்பெண் காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவந்து, 1,320 பொன்னையும் அரசரிடம் கொடுத்துக் கோயில் கட்டச் சொன்னாள் என்பது கதை. "காசியில் பாதி கல்பாத்தி" என்ற சொலவடைக்கும் அதுதான் வேர். ஆற்றங்கரையில் விஸ்வநாதர், கீழே இறங்கினால் படித்துறை. காசி ஞாபகம் வரத்தான் செய்யும்.

உள்ளே போவதாக இருந்தால் வேட்டி ஒன்றைப் பையில் வையுங்கள். கேரளக் கோயில் வழக்கப்படி ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். கலப்புக் குடும்பமாக வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்கத்தில் பல கோயில்களில் இந்து அல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை. வாசலில் வைத்து மருமகனுக்கு அதை விளக்குவதைவிட வீட்டிலேயே பேசிவிட்டு வருவது நல்லது. படித்துறைக்கும் தெருவுக்கும் அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது.

இனி ஆறு. லண்டன், சிங்கப்பூர் மாதிரி கரை நெடுகக் கல் பாவி, கம்பி வேலி போட்ட நடைபாதையை எதிர்பார்த்து வராதீர்கள். இறங்குவது, உட்காருவது, ஏறுவது, அவ்வளவுதான். கடைசி நான்கைந்து படிகளில் பாசி இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு விரல்களை ஊன்றி இறங்குங்கள். காலை வேளையில் குளிக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், இடுப்பளவு நீரில் நின்று ஜபிக்கிறவர்கள் என்று நாலைந்து பேராவது இருப்பார்கள். கேமராவை அவர்கள் பக்கம் நீட்டாதீர்கள். அது அவர்களுடைய குளியலறை.

தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்பது மாதத்தைப் பொறுத்தது. வாளையாறு, கோரையாறு, வரட்டாறு, மலம்புழை ஆறு இவை சேர்ந்ததுதான் கல்பாத்திப் புழை. இதில் மலம்புழைத் தண்ணீரை 1955-ல் கட்டி முடித்த அணை பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் மார்ச், ஏப்ரலில் வந்தால் பாறைக்கும் புல்லுக்கும் நடுவே ஓடை மாதிரிதான் தெரியும். "இதுவா ஆறு?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 2018 ஆகஸ்டில் அணை திறந்தபோது இதே ஆறு கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், நீர் பெருகியிருந்தால் படியின் மேலேயே நின்றுவிடுங்கள். எனக்குப் பிடித்தது டிசம்பர், ஜனவரி. மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து காற்று வீசுகிற மாதங்கள். அந்தக் காற்றில் உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் கையில் இருக்கட்டும்.

இந்த ஆறு இன்னும் கொஞ்ச தூரம் போய், பறளியில் கண்ணாடிப் புழையோடு சேர்ந்து பாரதப்புழை ஆகிறது. அந்தக் கண்ணாடிப் புழைதான் மேலே சித்தூர்ப் பக்கத்தில் சித்தூர்ப் புழை. அதில் நம் ஆழியாற்றுத் தண்ணீரும் உண்டு. பொள்ளாச்சிக்காரர்கள் கூட வந்தால் பறளிப் பேச்சை எடுத்து வையுங்கள், பேச்சு நிற்காது.

படியேறித் தெருவுக்கு வந்தால் அக்கிரகாரம். பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று நாலு கிராமம். வெளியாளுக்கு எல்லாம் ஒரே தெருவின் நீட்சி மாதிரித்தான் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பங்கள். போகும்போது ஒரு வரிசை, திரும்பும்போது எதிர் வரிசை என்று நடந்தால் சுற்று முடிந்துவிடும்.

நடக்கும்போது வீடுகளின் பக்கச் சுவரைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஓட்டுக்கூரைகூட ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டே தெருக்கோடி வரை போகும். முன்னால் திண்ணை, உள்ளே ரேழி, கூடம், அடுக்களை என்று வீடு ரயில் பெட்டி மாதிரி நீளும். ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் பக்கத்து வீட்டில் எண்ணிக்கொள்ளலாம். வாசல் தெளித்து ஏழு மணிக்குள் கோலம் விழுந்துவிடும், மிதிக்காமல் சுற்றிப் போங்கள். பாரம்பரிய கிராமமாக அறிவித்த பிறகு வீட்டு முகப்பை இஷ்டத்துக்கு இடித்துக் கட்ட முடியாது. நமக்கு அழகு, ஓடு ஒழுகுகிற வீட்டுக்காரருக்குத் தலைவலி. திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் முதலில் ஒரு வணக்கம், பேச்சு பிறகு. வழி கேட்டால், "நேரா போய் எடத்தோட்டு திரும்பினா பெருமாள் கோயிலாக்கும்" என்று பதில் வரும். எடத்தோட்டு இடப்பக்கம், வலத்தோட்டு வலப்பக்கம். அந்த "ஆக்கும்" பாலக்காட்டுத் தமிழின் முத்திரை.

கடையில் இன்னும் இரண்டு சொல் உதவும். "வெள்ளம் வேணுமா?" என்றால் பயப்படாதீர்கள், குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். இளஞ்சிவப்பாகச் சூடுவெள்ளம் வைத்தால் அது பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்தது, தாராளமாகக் குடிக்கலாம். இலையில் போதும் என்பதற்கு "மதி". அது தெரியாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால் சோறு விழுந்துகொண்டே இருக்கும்.

வெயில் ஏறுவதற்குள் ஆட்டோ பிடித்து ஜைனிமேடு போகலாம். இதே ஆற்றின் கரையில், கருங்கல் சுவரோடு, அலங்காரம் அதிகமில்லாத சந்திரப்பிரபர் ஜைனக் கோயில். மலையாளக் கவி குமாரனாசான் 1907-ல் தம் பேர்பெற்ற கவிதையை எழுதியது ஜைனிமேட்டில் தங்கியிருந்தபோதுதான் என்பார்கள். இருபது நிமிஷம் போதும். கோட்டையை மாலைக்கு வையுங்கள். ஹைதர் அலி 1766-ல் கட்டியது, அகழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. சாயங்காலம் அகழியைச் சுற்றி ஊரே நடக்கும், நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

வண்டி வைத்திருந்தால் காலை டிபனை எலப்புள்ளிப் பக்கம் ராமசேரியில் முடியுங்கள். முதலியார் குடும்பங்கள் சுடுகிற இட்லி. மண் சட்டி வாயில் நூல் வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவு ஊற்றி ஆவியில் வேகவைப்பார்கள். தோசைக்குத் தம்பி மாதிரி தட்டையாக இருக்கும். பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துக்கொள்ள வேண்டும். நல்லெண்ணெய் கேட்காதீர்கள்.

சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும், வெளிநாட்டு கார்டு திண்ணைக் கடையில் செல்லாது. கல்பாத்தியில் அப்பளமும் வற்றலும் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. வற்றலுக்கு இங்கே கொண்டாட்டம் என்று பேர், பாகற்காய்க் கொண்டாட்டமும் மோர் மிளகாயும் கடல் தாண்டியும் கெடாது. அப்பளத்தைத் துணிகளுக்கு நடுவே வையுங்கள், நொறுங்காது. ஊறுகாய் வாங்கினால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு, செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்த எங்கள் சித்தி கோவை விமான நிலையத்தில் ஒரு கிலோ கடுமாங்காயைச் சோதனை மேசையிலேயே விட்டுவிட்டு ஏறினாள்.