கால்நடை மருத்துவமனைக்குத் தராசு: வாங்கும்போது செய்யும் தவறுகள்

வேலூரில் புதிதாகச் சிகிச்சை நிலையம் திறக்கும் கால்நடை மருத்துவர்கள் பலரும் தராசுக் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ தாங்கும்?" என்பதுதான். கடைக்காரர் 500 கிலோ தாங்கும் எடைமேடையைக் காட்டுவார். பூனை முதல் கன்று வரை ஒன்றிலேயே ஏற்றிவிடலாம் என்ற ஆசையில்தான் தவறு ஆரம்பிக்கிறது.

கேட்க வேண்டியது, "எத்தனை கிராமுக்கு ஒருமுறை எண் மாறும்?" 200 கிராம் படியில் மாறும் மேடையில் அரைக் கிலோ பூனைக்குட்டியை வைத்தால் 400 அல்லது 600 என்றுதான் வரும். மருந்தைக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறோம். ஐந்தில் ஒரு பங்கு பிழை அப்படியே சிரிஞ்சுக்குள் போகிறது. சாதாரண வணிகத் தராசுகளில், எண் மாறும் படியைப் போல் 20 மடங்குக்குக் கீழான எடையை நம்பக்கூடாது. இந்த மேடைக்கு அது 4 கிலோ! குட்டிகளுக்கு 5 கிராம் படியுள்ள சிறு தராசு, நாய்க்கும் ஆட்டுக்கும் 50 கிராம் படியில் 150 கிலோ மேடை என்று இரண்டாக வாங்குங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு ஆள் ஏறி, பிறகு ஆளின் எடையைக் கழிப்பது வேண்டாம். இரண்டு அளவின் பிழையும் அதில் சேர்ந்துகொள்ளும்.

மளிகைக் கடைத் தராசில் நாய் அசைய அசைய எண் ஓடிக்கொண்டே இருக்கும். அசைவைச் சராசரியாக்கி எண்ணை நிறுத்திக் காட்டும் வசதி கட்டாயம் தேவை. மேடை உயரம் குறைவாக இருக்கட்டும். வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்புப் போடும்போது அதன் ஓரம் தரையில் மடிந்து தொட்டால், எடையில் ஒரு பகுதி தரைக்குப் போய்விடும். விரிப்பைப் போட்ட பிறகே பூஜ்ஜியமாக்குங்கள். முத்திரையிட்ட 5 கிலோ இரும்புக் கல்லை நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள். எண் வேறுபட்டால் வாங்காதீர்கள்.

மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும். வியாபாரத்துக்கு மட்டும்தானே என்று நினைக்கிறார்கள். விலங்கின் நலம் காக்கும் நடவடிக்கைக்கான அளவும் 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டத்தில் அடங்கும்.

மாட்டுக்காகப் பெரிய மேடையில் பணம் போடுவது பெரும்பாலும் வீண். வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, குடியாத்தம் போன்ற ஊர்களில் கறவை மாட்டைப் பார்க்க மருத்துவர்தான் கொட்டகைக்குப் போகிறார். அங்கே நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து வாலருகே துருத்தும் பின்புற எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 66, நீளம் 54 என்றால் சுமார் 356 கிலோ. நிறைசினை மாட்டில் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே நம்பாதீர்கள்.