வேலை விளம்பரம் உங்களைத் தேடி வர ஒரு ஃபீட், அதற்கு அனுப்ப ஒரு நல்ல விண்ணப்பம்

வேலை தேடுகிறவர்களுக்குப் பாதி நாள் தேடுவதிலேயே போய்விடுகிறது. காலையில் நாலைந்து தளங்களைத் திறந்து பார்க்க வேண்டும். நடுவில் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஃபார்வர்டுகள், அதிலும் பாதி போன மாதத்து விளம்பரம். கடைசியில் விண்ணப்பம் எழுத உட்காரும்போது அலுத்துப்போய், பழைய மெயிலிலேயே நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறோம். உழைப்பு போக வேண்டிய இடம் எழுத்து, தேடல் அல்ல. தேடுகிற வேலையை ஃபீடிடம் தள்ளிவிடலாம். எப்படி என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஃபீட் என்றால் என்ன?

ஒரு தளத்தில் புதிதாக வந்தவற்றின் தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் ஆகியவற்றை வரிசையாக வைத்திருக்கும் ஒரு கோப்புதான் ஃபீட். அதைப் படிக்கும் செயலிக்கு ஃபீட் ரீடர் என்று பெயர். ரீடர் அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக இருப்பதை மட்டும் உங்களிடம் காட்டும். 1999-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ஆர்.எஸ்.எஸ். முறை இது. 2013 ஜூலை 1 அன்று கூகுள் தன் ரீடரை மூடியபோது இதன் கதை முடிந்தது என்று பலரும் சொன்னார்கள். நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்டுகள் இன்றைக்கும் இதை நம்பித்தான் வருகின்றன.

படி 1: ரீடர்

ஃபீட்லி, இனோரீடர் இரண்டில் ஒன்றில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். பிரவுசரிலும் போனிலும் ஓடும். கம்ப்யூட்டரிலேயே மெயில் பார்க்கிறவர் என்றால் தண்டர்பேர்டிலும் ஃபீட் கணக்கு சேர்க்கலாம். எதை எடுத்தாலும் சரி, இதில் யோசித்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

படி 2: தளங்களைச் சேர்ப்பது

உங்கள் ஊர் கன்சல்டன்சியின் தளம், நீங்கள் சேர விரும்பும் நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கம் என்று எதன் முகவரியை வேண்டுமானாலும் ரீடரின் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஃபீட் இருந்தால் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும். இல்லையென்றால், வேர்ட்பிரஸ்ஸில் கட்டிய தளமாக இருக்கும் பட்சத்தில், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று சேர்த்துப் பாருங்கள். 'வேலைவாய்ப்பு' மாதிரி ஒரு பிரிவின் பக்கத்துக்கும் இதே முறை செல்லும். தளம் முழுவதையும் இழுக்காமல் அந்தப் பிரிவை மட்டும் பின்தொடர இது வசதி.

படி 3: கூகுள் அலர்ட்ஸ்

ஃபீட் விஷயத்தில் மிகவும் உருப்படியானது, நீங்கள் கொடுக்கும் சொற்கள் வரும் புதிய பக்கங்களைத் தேடித் தெரிவிக்கும் கூகுளின் இந்தச் சேவைதான். தளத்தின் பெயரே தெரியாவிட்டாலும் இங்கே விளம்பரத்தைப் பிடிக்கலாம். ஜிமெயில் கணக்கில் நுழைந்துவிட்டு கூகுள் அலர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் 'அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட்' என்பதை ஆங்கிலத்தில், இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதி, பக்கத்தில் ஊர்ப் பெயரைப் போடுங்கள். மேற்கோள் குறி இல்லாவிட்டால் அக்கவுன்ட்ஸ் தனியாக, அசிஸ்டன்ட் தனியாக வரும் பக்கமெல்லாம் வந்து குவியும். 'கோர்ஸ்', 'டிரெயினிங்' ஆகிய சொற்களுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டுச் சேர்த்தால் பயிற்சி நிலையங்களின் விளம்பரத் தொல்லை குறையும்.

பிறகு 'ஷோ ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்துங்கள். 'டெலிவர் டு' என்ற இடத்தில் உங்கள் மெயில் முகவரி இருக்கும். அதை ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்று மாற்றி, அலர்ட்டை உருவாக்குங்கள். பட்டியலில் அந்த அலர்ட்டுக்குப் பக்கத்தில் ஃபீட் சின்னம், அதாவது ஒரு புள்ளியும் இரண்டு வளைகோடும், தெரியும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து இணைப்பை நகலெடுத்து ரீடரில் ஒட்டினால் முடிந்தது.

லாகின் செய்தால்தான் தெரியும் பக்கங்களைக் கூகுள் அலர்ட்ஸ் பார்க்காது. நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலைத் தளங்களில் அவர்களுடைய சொந்த ஜாப் அலர்ட்டைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு ஃபீடுக்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். தினமும் ஒருமுறை திறந்து, பொருந்துகிற விளம்பரத்தை மட்டும் சேமித்துவிட்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

படி 4: விளம்பரத்தைப் படிப்பது

ஒரு விளம்பரத்தைக் கற்பனை செய்துகொள்வோம்: 'திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட் தேவை. பி.காம். டாலி தெரிந்திருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. அனுபவம் விரும்பத்தக்கது.'

மூன்றே வரிதான் (டாலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள்). ஆனால் அந்த அலுவலகத்தின் மாதம் எப்படி ஓடும் என்று யோசியுங்கள். 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைத்த வருமான வரியை, கட்ட வேண்டும். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர். 1 என்ற விற்பனை ரிட்டர்ன், 20-ஆம் தேதி 3பி என்ற சுருக்க ரிட்டர்ன். நடுவில் 14-ஆம் தேதி 2பி, அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்கு எவ்வளவு கிரெடிட் (வரிக்கழிவு) உண்டு என்ற பட்டியல், வந்துவிடும். சப்ளையர் தன் ரிட்டர்னில் காட்டாத பில்லுக்கு அதில் கிரெடிட் வராது, ஆகவே கொள்முதல் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட ஆள் வேண்டும். ஏற்றுமதி என்பதால் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் சரக்கு அனுப்புவது, தேங்கிய கிரெடிட்டுக்கு ரீஃபண்ட் கேட்பது ஆகிய வேலைகளும் இருக்கலாம். இந்த நெருக்கடியில் தோள் கொடுக்க ஒருவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். உங்கள் கடிதம் இதற்குப் பதிலாக இருக்க வேண்டும்.

படி 5: கடிதம்

வழக்கமாக எழுதுவது இது: 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான நிறுவனத்தில் பணிபுரிய ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் கடின உழைப்பாளி.' படிக்கிறவருக்கு இதில் ஒரு தகவலும் இல்லை. பணிவு தப்பில்லை, ஆனால் பணிவை வைத்து யாரும் 3பி போட முடியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கான உங்கள் விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறேன். பி.காம். முடித்து ஓராண்டாக ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். நூல் வியாபாரிகள், சாயப்பட்டறைகள் உட்பட எட்டு கிளையன்ட்டுகளின் கொள்முதல், விற்பனையை டாலி பிரைமில் பதிவது என் பொறுப்பு. மாதாமாதம் 2பி-யை இறக்கி கொள்முதல் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்காக சப்ளையர்களிடம் பேசுவதும் நான்தான். ஏற்றுமதி பில் இதுவரை போட்டதில்லை, எல்.யு.டி. நடைமுறையைப் படித்து வைத்திருக்கிறேன். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சேர முடியும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.'

'ஏற்றுமதி பில் போட்டதில்லை' என்ற வரியை எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். தெரியாததை ஒத்துக்கொள்கிறவர் தெரியும் என்று சொன்ன மற்றவற்றை அவர்கள் நம்புவார்கள், நேர்காணலிலும் அந்தக் கேள்வி உங்களைக் கவிழ்க்காது. ஆங்கிலத்தில் அனுப்பினாலும் இதே அமைப்புதான்: எதற்கு எழுதுகிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன், எப்போது வர முடியும்.

ஃபிரெஷராக இருந்தால்? மாமா கடைக்கு டாலியில் கணக்கு எழுதியிருந்தால் அது அனுபவம்தான். கல்லூரி விழாவுக்கு வசூலித்த பணத்துக்கு வரவு செலவு வைத்திருந்தால் அதுவும்தான். எவ்வளவு பெரிய கணக்கு, எத்தனை மாதம் என்று உண்மையான எண்ணைப் போடுங்கள்.

படி 6: ரெஸ்யூமே

ஒரு பக்கம் போதும். விளம்பரத்தில் கேட்டது மேலே, மற்றது கீழே. தனியார் வேலைக்கு மதம், சாதி, அப்பாவின் தொழில் எதுவும் தேவையில்லை. 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியும் அரசுப் படிவத்தில் இருக்கட்டும்.

பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது மென்பொருள். பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்த அலங்கார டெம்ப்ளேட்டும் படமாகச் சேமித்த கோப்பும் அதற்குச் சரியாகப் புரியாமல் போகலாம். பக்கத்தைப் பிரிக்காத எளிய வடிவம், பி.டி.எஃப்., கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேலையின் பெயரும். தமிழில் தட்டச்சு செய்தால் யூனிகோடு எழுத்துருவில்தான். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வேர்டு கோப்பாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

படி 7: அனுப்புவது

சப்ஜெக்டில் வேலையின் பெயர், உங்கள் பெயர், விளம்பரத்தில் எண் இருந்தால் அதுவும். கடிதத்தை மெயிலின் உடம்பிலேயே எழுதுங்கள், அட்டாச்மென்டாக இன்னொரு கோப்பு வேண்டாம். ஜிமெயில் செட்டிங்ஸில் 'அன்டு செண்ட்' நேரத்தை 30 விநாடியாக மாற்றிக்கொள்ளுங்கள். ரெஸ்யூமே இணைக்க மறந்தது, அனுப்பு என்று அழுத்திய மறுகணம்தான் பலருக்கு நினைவுக்கு வரும்.

அரசுத் தேர்வுக்குத் தேர்வுக் கட்டணம் உண்டு, அதை அதிகாரப்பூர்வ தளத்தில் கட்டுங்கள். தனியார் வேலைக்கு 'ரெஜிஸ்ட்ரேஷன்', 'லேப்டாப் டெபாசிட்' என்று பணம் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

அனுப்பிய கையோடு விளம்பரத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைத்ததும் பக்கத்தை எடுத்துவிடுகிற நிறுவனங்கள் உண்டு. ஒரு எக்செல் தாளில் அனுப்பிய தேதியையும் எந்த ரெஸ்யூமே அனுப்பினீர்கள் என்பதையும் குறியுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலுக்கு ரிப்ளையாக இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குப் பிறகும் பதில் இல்லாவிட்டால் தாளில் அந்த வரிசையை மூடிவிட்டு, ரீடரில் அடுத்த விளம்பரத்தைத் திறங்கள்.