ஹூடைக் கழற்றி மைக்ரோவேவ் மாட்டும் முன்

அமெரிக்க வீடுகளில் அடுப்புக்கு மேலே புகையை இழுக்க உள்ள ஹூடை எடுத்துவிட்டு, அங்கே ஃபேனோடு வரும் மைக்ரோவேவை மாட்டினால் மேடையில் நல்ல இடம் கிடைக்கும். இரண்டுமே பெரும்பாலும் 30 அங்குல அகலம்தான். ஆனால் வாங்கும் முன் மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள். பழைய ஹூடுக்குப் பெரும்பாலும் சுவரிலிருந்து நேராக ஒயர் வந்திருக்கும். மைக்ரோவேவுக்கு அலமாரிக்குள் எர்த் உள்ள பிளக் பாயின்ட் வேண்டும், அதுவும் தனி சர்க்யூட்டில். இதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதே நல்லது.

மைக்ரோவேவின் எடை சுமார் 50 பவுண்டு இருக்கும். வெறும் டிரைவால் (ஜிப்சம் பலகைச் சுவர்) அதைத் தாங்காது; அதைச் சுவரில் மாட்டும் பின்தகட்டின் திருகு ஒன்றாவது சுவருக்குள் இருக்கும் மரச்சட்டத்தில் இறங்க வேண்டும். தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆளும் வேண்டும்.

பலர் கோட்டை விடுவது ஃபேனில்தான். பெட்டியைப் பிரிக்கும்போது அது பெரும்பாலும் காற்றைச் சமையலறைக்குள்ளேயே திருப்பி விடும்படிதான் இருக்கும். வெளியே போகும் குழாய் உள்ள வீடென்றால், மாட்டுவதற்கு முன்பே திருகுகளைக் கழற்றி, ஃபேனின் வாயைக் குழாய்ப் பக்கம் திருப்பிப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் மிளகாய் தாளித்த நெடி முழுக்க முகத்தில்தான் அடிக்கும். அடுப்பை விட மைக்ரோவேவின் ஆழம் குறைவு என்பதால் முன் பர்னர் புகையை இது சரியாக இழுக்காது. தாளிப்பதைப் பின் பர்னரில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டியதும் ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள், குழாயின் மூடி திறக்கிறதா என்று.