இரண்டு திரை மேசை அமைப்பது எப்படி? (மூன்றாவதைக் கொடுத்துவிட்டவன் எழுதுவது)

என் மேசையில் ஒரு காலத்தில் மூன்று மானிட்டர்கள் இருந்தன. வீட்டுக்கு வருபவர்கள் "என்னங்க, கன்ட்ரோல் ரூம் மாதிரி இருக்கு" என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் மிகக் குறைவாக மொழிபெயர்த்ததும் அந்த ஆறு மாதத்தில்தான். வலது பக்கத் திரையில் மெயிலும் வாட்ஸ்அப்பும் எந்நேரமும் திறந்து கிடக்கும். எழுத்தைப் படிக்கத்தான் கண்ணுக்கு நேர்பார்வை வேண்டும். அசைவைப் பிடிக்க ஓரக்கண்ணே போதும். அங்கே ஒரு பச்சை வட்டம் முளைத்தால் இங்கே வாக்கியம் பாதியில் நின்றுவிடும். போய்ப் பார்த்தால் யாரோ ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்பியிருப்பார்கள்.

மூன்றாவதைச் சித்தப்பா பையன் கேம் ஆட எடுத்துக்கொண்டு போனான். மிச்சம் இரண்டை வைத்து மேசையை முதலிலிருந்து மாற்றி அமைத்தேன். அதைத்தான் எழுதுகிறேன். நான் விண்டோஸ் 11 ஆள். மானிட்டரை ஒயரில் சொருகுவது, விண்டோஸ் கீயும் 'பி'யும் அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் காகிதம்

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் எழுதுங்கள்: எந்தத் திரையில் எழுதுவேன், எந்தத் திரையைப் பார்த்து எழுதுவேன். என் கணக்கு இது. நேர் எதிரே 27 அங்குலம், அதில் நான் எழுதும் தமிழ் மட்டும். இடது பக்கம் 24 அங்குலம், நட்டுக்குத்தலாக நிமிர்த்தி வைத்தது, அதில் மூல ஆங்கிலப் பத்திரமும் அகராதியும். லேப்டாப் மூடியே இருக்கும். வீடியோ மீட்டிங் வந்தால்தான் திறப்பேன். தானாக அசையும் எதற்கும் தனித்திரை கிடையாது.

இரண்டு மானிட்டரையும் சமமாகப் பிரித்து, நடு விளிம்பு மூக்குக்கு நேராக வருவதுபோல் வைக்காதீர்கள். நாள் முழுக்கக் கழுத்து ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். ஒன்று நேராக, இன்னொன்று பக்கத்தில் சற்றே உட்புறமாகச் சாய்ந்து. அவ்வளவுதான்.

2. மானிட்டர்: தமிழ் படிப்பவர்கள் கவனிக்க

நான் முதலில் வாங்கிய 27 அங்குலம் 1920×1080. மலிவாகக் கிடைத்தது. அதில் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிதான் (பிக்சல்) வரும். ஆங்கிலத்துக்கு அது எப்படியோ ஓடிவிடும். தமிழில் ண, ன, ற எல்லாம் சுழியும் வளைவுமாக அடர்ந்தவை. சின்ன எழுத்தில் மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றுபோலத் தெரியும், மெய்யெழுத்தின் புள்ளி மேல்வரியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வழக்கறிஞருக்கு அனுப்பிய மொழிபெயர்ப்பில் "நீதிமன்ற ஆணை" என்று வரவேண்டிய இடத்தில் "நீதிமன்ற ஆனை" என்று போய்விட்டது. போன் வந்தது: "சார், கோர்ட்டுக்கு ஆனை எப்போ வந்துச்சு?" மூன்று முறை சரிபார்த்து அனுப்பியது அது.

27 அங்குலம் என்றால் 2560×1440 வாங்குங்கள். அங்குலத்துக்கு 109 புள்ளி. 1080தான் கட்டுப்படியாகும் என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதில் 92 வரும், பரவாயில்லை. நிமிர்த்தி வைக்கப்போகும் திரை கட்டாயம் ஐபிஎஸ் பேனலாக, அதாவது பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகையாக, இருக்கட்டும். டிஎன் என்ற மலிவு வகைப் பேனலை நிமிர்த்தினால் ஒரு கண்ணுக்கு ஒரு நிறமும் மறு கண்ணுக்கு வேறு நிறமும் தெரியும். பின்பக்கம் நான்கு திருகு ஓட்டை, அதாவது வெசா 75 அல்லது 100 மில்லிமீட்டர், இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மலிவு மாடல்களில் இருக்காது. வளைந்த திரை எனக்குப் பிடிக்காது. நேர்க்கோட்டில் வரும் வரிகளை வளைத்துப் படிப்பானேன்?

3. மேசை

24 அங்குலத்தை நிமிர்த்தினால் அகலம் 30 சென்டிமீட்டர், உயரம் 53. 27 அங்குலம் 60 சென்டிமீட்டர் அகலம். நாலடி மேசை தாராளம். அகலத்தைவிட ஆழம்தான் முக்கியம்: 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மானிட்டரின் சொந்த ஸ்டாண்டை வைத்தால் அது பாதி மேசையைத் தின்றுவிடும், திரை முகத்துக்கு வந்துவிடும். கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம் வேண்டும். 75 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் ஸ்டாண்டே போதும். இல்லையென்றால் அடுத்த படி.

ஜன்னல் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம், திரைக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். என் ஜன்னல் மேற்குப் பார்த்தது. நாலு மணி வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டிருக்கிறேன்.

4. மானிட்டர் ஆர்ம்: நான் வழுக்கி விழுந்த இடம்

மேசை விளிம்பில் கவ்வி நின்று இரண்டு மானிட்டரையும் தாங்கும் இரட்டை ஆர்ம் வாங்கினேன். யூடியூபில் பத்து நிமிட வேலை. எனக்கு ஒரு வாரம் ஆனது.

கிளாம்ப்பை இறுக்கினேன், இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். 'சரக்' என்று ஒரு சத்தம். மேசையின் மேல் தாள் உப்பிக்கொண்டு வந்தது. என் மேசை பார்ட்டிகிள் போர்டு. தெருமுனையில் இருக்கும் ஆசாரி வந்து விரலால் சுரண்டிப் பார்த்தார். "தம்பி, இது மரமே இல்ல, அமுக்கி வச்ச மரத்தூள். இதுல போய் பத்து கிலோவ ஒத்தைப் புள்ளியில தொங்கவிட்டா?" பாரத்தைப் பரப்பிவிட்டால் தாங்கும் என்றார். இரண்டு பிளைவுட் துண்டு, 12 மில்லிமீட்டர் கனம், ஒரு சாண் நீளம் ஒரு சாண் அகலம். ஒன்று கிளாம்ப்புக்கு மேலே, ஒன்று கீழே. மேசை இரண்டுக்கும் நடுவில். இப்போது இரண்டு வருடமாக அசையவில்லை. வாங்கும் முன் கிளாம்ப் எவ்வளவு கனம்வரை கவ்வும் என்று பாருங்கள். பிளைவுட்டும் சேர்த்துத்தான் கணக்கு.

அடுத்தது ஸ்பிரிங். கேஸ் ஸ்பிரிங் ஆர்ம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை வரம்பு உண்டு, பெட்டியிலேயே போட்டிருக்கும். பெட்டியிலிருந்து வரும்போது அது கனமான மானிட்டருக்கு ஏற்ப முறுக்காக இருக்கலாம். என் 24 அங்குலம் ஸ்டாண்டு இல்லாமல் மூன்றரை கிலோதான். மாட்டிக் கையை எடுத்தேன், லிஃப்ட் மாதிரி மெதுவாக மேலே போய் நின்றுகொண்டது. இழுத்துவிட்டால் திரும்பவும் போகிறது. ஆர்ம் கெட்டுப்போனது என்று நினைத்து ரிட்டர்ன் போடவே போனேன். மூட்டில் ஒரு ஆலன் கீ ஓட்டை இருக்கும், பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி. ஆர்மைப் படுக்கைவாக்கில் நீட்டிப் பிடித்துக்கொண்டு, மேலே ஓடினால் கழித்தல் பக்கம், கீழே சரிந்தால் கூட்டல் பக்கம் திருப்புங்கள். ஒன்றிரண்டு சுற்றில் ஒன்றும் நடக்காது. எனக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை: ஆர்ம் தாழ்ந்திருக்கும்போது மானிட்டரைக் கழற்றாதீர்கள். எடை போனதும் ஸ்பிரிங் கை விசுக்கென்று எழும்பும். என் தாடையில் அதன் ஞாபகார்த்தம் இருக்கிறது. முதலில் ஆர்மை அதன் உச்சிவரை தூக்கிவிட்டு அப்புறம் கழற்றுங்கள்.

உயரம்: நடுத்திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. நிமிர்த்திய திரையில் இது முடியாது, அதன் தலை கண்ணுக்கு மேலேதான் போகும். அதற்கு ஆறாவது படியில் ஒரு வழி வைத்திருக்கிறேன்.

5. மவுஸ் முட்டும் சுவர்

எல்லாம் மாட்டியாயிற்று. மவுஸை இடது திரையிலிருந்து நடுத்திரைக்குத் தள்ளினால் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் மேலே ஏற்றினால் போகிறது. இன்னும் மேலே ஏற்றினால் மறுபடி சுவர். ஒரு வாரம் மவுஸைத்தான் குற்றம் சொன்னேன்.

காரணம் எளிது. விண்டோஸுக்குத் திரையின் அங்குலம் பெரிதில்லை, புள்ளிக்கணக்குதான். நிமிர்ந்த 24 அங்குலத்துக்கு உயரம் 1920 புள்ளி. நடுவில் இருக்கும் 27 அங்குலத்துக்கு 1440. மிச்சம் 480 புள்ளி உயரத்துக்கு எதிரே திரையே இல்லை, அதுதான் சுவர். செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே போனால் 1, 2 என்று இரண்டு கட்டம் தெரியும். அவை வெறும் படமில்லை, இழுத்து நகர்த்தலாம். மேசையில் இருப்பதுபோலவே வைத்து அப்ளை கொடுங்கள். புள்ளி அடர்த்தி வேறு வேறாக இருப்பதால் மேலிருந்து கீழ்வரை கச்சிதமாகப் பொருந்தாது. எந்த உயரத்தில் அடிக்கடி தாண்டுகிறீர்களோ அங்கே மட்டும் பொருந்தினால் போதும். நான் ஒரு அடிஸ்கேலை இரண்டு திரைக்கும் குறுக்கே படுக்கையாகப் பிடித்து, கர்சர் அந்தக் கோட்டிலேயே தாண்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து இழுத்தேன்.

திரையை நிமிர்த்த அதே பக்கத்தில் ஓரியன்டேஷன் என்பதை போர்ட்ரெயிட் ஆக்குங்கள். எழுத்தைச் சுற்றி நிறம் கசிந்தால், எழுத்தைத் தெளிவாக்க விண்டோஸிலேயே இருக்கும் கிளியர்டைப் டியூனரை ஒருமுறை ஓட்டுங்கள். எனக்கு அதில் பாதி சரியானது.

6. திரைக்குள் வேலி

மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் இலவசம். அதில் திரையைப் பங்கு பங்காகப் பிரிக்கும் ஃபேன்சிஸோன்ஸ் என்று ஒன்று. இதற்காகவே விண்டோஸில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். நிமிர்ந்த திரையைக் கீழே மூன்றில் இரண்டு பங்கு, மேலே ஒரு பங்கு என்று பிரித்திருக்கிறேன். கண் மட்டத்துக்குக் கீழே இருக்கும் பெரிய பங்கில் மூலப் பத்திரம். நிமிர்ந்து பார்க்கவேண்டிய மேல் பங்கில் எப்போதாவது தேவைப்படுவது: தமிழ்க் கலைச்சொல் தளமான சொற்குவையோ, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனோ. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஒரு ஜன்னலை (திரையில் திறந்திருக்கும் விண்டோவை) இழுத்தால் பங்கு தெரியும், விட்டால் உட்கார்ந்துகொள்ளும்.

7. வாட்ஸ்அப்பை எங்கே வைப்பது

அடுத்த அறையில். அதாவது இன்னொரு விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், டி மூன்றையும் அழுத்தினால் புதிது பிறக்கும். விண்டோஸ் கீ, கண்ட்ரோலோடு இடது வலது அம்புக்குறியில் மாறலாம். மெயில், சாட் எல்லாம் இரண்டாவதில். மாறும்போது இரண்டு திரையும் சேர்ந்தே மாறும், அதுதான் இதில் நல்ல விஷயம். பத்திரம் கண்ணிலிருந்து மறைவதால் "சும்மா ஒரு எட்டு" போய் வரக் கை கூசும். நான் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் போகிறேன்.

இதோடு இன்னும் மூன்றைச் செய்துவிடுங்கள். டாஸ்க்பாரை ஒரே திரையில் மட்டும் காட்டச் சொல்லுங்கள். டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் 'ஷோ ஃப்ளாஷிங்' என்பதை அணையுங்கள், ஆரஞ்சு நிறத்தில் கண்ணடிக்காது. டூ நாட் டிஸ்டர்பையும் போட்டுவிடுங்கள்.

வந்த கேள்விகளுக்குப் பின் சேர்த்தது

மவுஸ் சுவருக்கு நான் ஸ்கேல் பிடித்த கதையைப் படித்த ஒருவர், அதே டிஸ்ப்ளே பக்கத்தின் மல்டிபிள் டிஸ்ப்ளேஸில் 'ஈஸ் கர்சர் மூவ்மென்ட் பிட்வீன் டிஸ்ப்ளேஸ்' என்று ஒரு டிக் இருக்கிறதே என்று கேட்டார். இருக்கிறது. வேலை செய்கிறது. நான் பார்க்கவே இல்லை.

இரண்டு பேர், மேக்கில் ஒரே யூஎஸ்பி-சி டாக்கில் (ஒரு துளையைப் பல துளையாக்கும் பெட்டி) இரண்டு மானிட்டர் மாட்டினால் இரண்டிலும் ஒரே படம் வருகிறது என்றார்கள். அந்த டாக், ஒரே ஒயரில் வரும் படத்தை எம்எஸ்டி என்ற முறையில் இரண்டு திரைக்குப் பிரிப்பது. மேக் அதில் திரையை நீட்டாது. தண்டர்போல்ட் டாக் அல்லது டிஸ்ப்ளேலிங்க் வகை பாருங்கள். எம்1, எம்2 மேக்புக் ஏர் என்றால் நேரடியாக ஒரு வெளித்திரைதான் என்பதும் நினைவிருக்கட்டும். விண்டோஸ் லேப்டாப்பிலும் எல்லா யூஎஸ்பி-சி துளையும் படம் தராது. மேனுவலில் டிஸ்ப்ளேபோர்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

பைஃபோகல் கண்ணாடி போட்ட ஓர் ஆசிரியை, கண் மட்டத்தில் வைத்ததும் கழுத்து வலிக்கிறது என்று எழுதினார். அவர் திரையைக் கண்ணாடியின் கீழ்ப்பாதியால் பார்க்கிறார், அதற்காகத் தாடையைத் தூக்குகிறார். திரையை இரண்டு மூன்று விரற்கடை இறக்கச் சொன்னேன்; இப்போது சரியாம்.

கடைசியாகக் கரண்ட். இன்வெர்ட்டர் இருந்தும், கரண்ட் போகும் நொடியில் மானிட்டர் இரண்டும் கண்மூடித் திறக்கின்றன, ஜன்னல்கள் எல்லாம் ஒரே திரையில் குவிகின்றன என்று பலர் கேட்டார்கள். எனக்கும் நடந்தது. டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கும் மானிட்டர் அணைந்தால், ஒயரைப் பிடுங்கியதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்வது உண்டு. மல்டிபிள் டிஸ்ப்ளேஸில் ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் டிக்கைப் போடுங்கள். அப்புறம் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள்: பலவற்றில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் மாற்றம் வேகமாக நடக்கும். என்னுடையது வாங்கியதிலிருந்து நார்மலிலேயே இருந்திருக்கிறது. எட்டடி உயரப் பரணில் வைத்திருக்கிறோம், யார் ஏறிப் பார்த்தார்கள்?